பெயர் சொல்லாத மனைவியும் பன்னிரண்டு பிரதிகளும்

(கோவையில் ஆங்கில இலக்கிய மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை இங்கே அழைத்த பேராசிரியர் போனில் ஒரே வரிதான் சொன்னார். "எங்க பிள்ளைங்கள்ல நாலஞ்சு பேரு வெளிநாட்டுல போய் எழுதப் படிக்க ஆசைப்படுறாங்க, என்ன ஏதுன்னு சொல்லிட்டுப் போங்க." எழுதப் படிக்க என்று அவர் சொன்னதை நினைத்து அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். நம்மூரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். நான் அதற்காக இருபத்தெட்டு வயதில் விமானம் ஏறினேன். அதற்கு முன்னால் ஆறு வருடம் வங்கியில் வேலை. கல்விக்கடன் மேஜை. இது பின்னால் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா கேட்ட கேள்வி இது: "கத எழுதுறதுக்குப் படிப்பு வேறயா? உங்க ஆச்சி எந்தக் காலேஜுல படிச்சு அத்தன கத சொன்னா?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று வருடம் அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்து எம்.எஃப்.ஏ. என்ற படைப்பெழுத்துப் பட்டத்தோடு திரும்பி வந்தபோதும் முழுப் பதில் இல்லை. அரைப் பதில் இருந்தது. இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் இப்படி ஒரு பட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1922இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புத் துறையின் டீனாக இருந்தவர் கார்ல் சீஷோர். உளவியல்காரர். இசைத் திறமையை அளப்பதற்குப் பரீட்சை கண்டுபிடித்தவர். ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கவிதையோ கதையோ நாடகமோ கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று அந்த ஆண்டு அவர் அறிவித்தார். அடிக்குறிப்பு இல்லாத தீசிஸ்! அப்படிக் கவிதைகளைத் தீசிஸாகக் கொடுத்துப் பட்டம் வாங்கிய ஒரு பையன் பால் எங்கிள். அந்தக் கவிதைகள் 1932இல் யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் வரிசையில் புத்தகமாக வந்தன. 1936இல் வில்பர் ஷ்ராம் தலைமையில் அயோவா எழுத்தாளர் பட்டறை முறையாகத் தொடங்கியது. 1941இல் தலைமை எங்கிளிடம் வந்தது. அவர் அடுத்த இருபது வருடத்துக்கும் மேலாகப் பணக்காரர்களிடம் கை நீட்டி, சோளக்காட்டு நடுவில் அந்த ஊரை எழுத்தாளர்கள் வந்து குவியும் இடமாக்கினார். இன்று அமெரிக்காவில் மூலைக்கு மூலை இருக்கும் எம்.எஃப்.ஏ. படிப்புகள் பெரும்பாலும் அந்த அச்சில் வார்த்தவை. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் இதே மாதிரி ஓர் எம்.ஏ. தொடங்கினார்கள். முதல் வருடம் புனைகதைக்கு வந்த மாணவர் ஒரே ஒருவர், இயன் மெக்யூவன்.

அயோவா என்றதும் இங்கே இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு அசோகமித்திரன் நினைவு வரும். 1973இல் அவர் போனதும் அந்த ஊருக்குத்தான், 'ஒற்றன்!' நாவல் பிறந்ததும் அந்த அனுபவத்தில்தான். ஆனால் அவர் போனது வேறு திட்டம். எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்துத் திட்டம். ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களை அழைத்து வந்து தங்கவைப்பார்கள். அங்கே பட்டமும் இல்லை, தீசிஸும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எனக்கு மெயில் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, நம் பட்டத்துக்கு வருவோம். இரண்டு அல்லது மூன்று வருடம். விண்ணப்பத்தில் மதிப்பெண் பட்டியல், மூன்று பரிந்துரைக் கடிதம், நோக்கக் கட்டுரை எல்லாம் கேட்பார்கள். அதையெல்லாம் பார்ப்பார்கள்தான். ஆனால் முடிவு செய்வது நீங்கள் அனுப்பும் கதை. பெரும்பாலான இடங்களில் இருபத்தைந்து முப்பது பக்கம் போதும், சில இடங்களில் கூடுதலாகவும் அனுப்பலாம். அதில் முதல் இரண்டு பக்கம் உங்களைக் காப்பாற்ற வேண்டும். ஒரே ஆண்டில் பல நூறு கதைகளைப் படிக்கும் ஆசிரியர் மூன்றாவது பக்கம் வரை பொறுமையாக வருவார் என்று எதிர்பார்ப்பது தெய்வ நம்பிக்கை. நோக்கக் கட்டுரையில் "சின்ன வயசிலிருந்தே எனக்குப் புத்தகம் என்றால் உயிர்" என்று எழுதாதீர்கள். அந்த வருடம் விண்ணப்பித்த அத்தனை பேரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

இப்போது பணம். கல்விக்கடன் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இந்தப் படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். என்ஜினியரிங்குக்கும் மருத்துவத்துக்கும் நான் கடன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். திருப்பிக் கட்ட ஒரு சம்பளம் வரும் என்ற கணக்கில்தான் போடுவோம். இந்தப் பட்டம் முடித்து வருகிறவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் உதவித்தொகையும் தரும் இடங்கள் இருக்கின்றன. டெக்சாஸில் மிச்சனர் மையம் வகுப்பெடுக்கும் கடமைகூட வைக்காமல் மூன்று வருடம் பணம் தருகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் முதலாண்டு இளங்கலைப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் வேலை தருவார்கள். காலை எட்டு மணி வகுப்பு, ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே பாதித் தூக்கத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். எஃப்-1 விசாவில் படிக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது, அதனால் அந்த உதவித்தொகைக்குள்தான் வாழ்ந்தாக வேண்டும். பணம் தராத இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் 'நன்றி' என்று ஒரு மெயில் போட்டுவிட்டு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள். எனக்கு முதல் வருடம் எங்கேயும் கிடைக்கவில்லை. இரண்டாவது வருடம்தான் கிடைத்தது.

இனி ஒர்க் ஷாப். இந்தப் படிப்பின் நடுக்கூடம் அதுதான். வாரம் ஒரு நாள், இரண்டரை மூன்று மணி நேரம், நீள மேஜை, பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு வாரத்துக்கு முன்பே கதையைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் ஓரத்தில் பென்சிலால் குறித்து, தனியாக ஒரு பக்கக் கடிதமும் எழுதி எடுத்து வருவார்கள். வகுப்பில் பேசுவார்கள். அவ்வளவு நேரமும் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. தருமியாவது சபையில் எதிர்க்கேள்வி கேட்டான். சொக்கநாதரே வந்து வாதாடினார். அயோவாப் பாணி ஒர்க் ஷாப்பில் அந்த வசதி இல்லை.

என் முதல் கதை அந்த மேஜைக்கு வந்த நாளைச் சொல்கிறேன். லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதும் ஒருவர், அவர் மனைவி, பத்து வயது மகள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை. கதை அவ்வளவுதான். பதினெட்டுப் பக்கம். நான் எதிர்பார்த்தது அப்பாவின் நோயைப் பற்றிப் பேச்சு வரும் என்று. வந்தது வேறு. ஒரு பையன் ஆரம்பித்தான்: "இந்தப் பெண் ஒரு இடத்தில்கூட புருஷன் பெயரைச் சொல்லவில்லை. இவளுக்கு அவன் மேல் என்ன கோபம்?" இன்னொருத்தி, "கோபமில்லை, மனத்தளவில் அவள் அவனைவிட்டு எப்போதோ போய்விட்டாள், அதைக் கதாசிரியர் நுட்பமாகக் காட்டுகிறார்" என்றாள். மூன்றாவது ஆள் என்னைப் பார்த்துக்கொண்டே, "எனக்கென்னவோ அவனுக்குப் பெயர் வைக்கவே மறந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது" என்றான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தைந்து நிமிடம். கோவில்பட்டியில் எந்த வீட்டிலும் எங்கள் அம்மா தலைமுறையில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "உங்கப்பா" என்பார்கள், "வீட்ல" என்பார்கள். நாக்கின் நுனியில் இந்த ஒரு வரி நிற்கிறது. சொல்ல முடியாது. விதி.

அன்று இரவு பன்னிரண்டு பிரதிகளையும் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, இந்த ஊரில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன். ஒரு பிரதியில் 'திண்ணை' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு "?" என்று எழுதியிருந்தது. இன்னொரு பிரதியில் அதே சொல்லுக்குப் பக்கத்தில் "அருமை, இது என்னவென்றே தெரியவில்லை" என்று எழுதியிருந்தது.

இந்த மௌன விதியைப் பற்றி இப்போது அங்கேயே சண்டை நடக்கிறது. மேத்யூ சலஸஸ் 2021இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களும் எழுதியவரும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்களாக இருந்தால்தான் அந்த மௌனத்துக்கு அர்த்தம், மற்றவர்களுக்கு அது வாய்ப்பூட்டு என்பது அவர் கட்சி. அதற்கு முன்பே, 2014இல், ஜூனோ டியாஸ் தன் வகுப்பு எவ்வளவு வெள்ளையாக இருந்தது என்று 'நியூயார்க்கர்' இதழில் எழுதி ஒரு புயலைக் கிளப்பினார். நான் அந்தக் கட்சிதான். ஆனாலும் என் அனுபவத்தில் இன்னொரு பாதி இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

ஒரு வாரம் அந்தப் பிரதிகளை அலமாரியின் மேல்தட்டில் போட்டு வைத்தேன். பிறகு எடுத்து வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பென்சிலை வைத்த இடம் ஒன்றே. அம்மா அப்பாவைக் கூப்பிடும் இடம். அவர்கள் சொன்ன காரணம் தப்பு. எழுதிக்கொடுத்த மருந்தும் தப்பு: "ஒரு முறையாவது பெயரைச் சொல்லவையுங்கள்", "அடிக்குறிப்பு போடுங்கள்." ஆனால் அங்கே வலிக்கிறது என்று ஒன்பது பேரும் சொல்கிறார்கள். டாக்டரிடம் போகும் நோயாளியும் அப்படித்தானே, இங்கே வலிக்குது என்பார், அதற்குத் தானே ஒரு காரணமும் சொல்வார். காரணத்தை டாக்டர் கேட்க வேண்டியதில்லை. வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

எனக்குச் சின்ன வயதில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு வாங்கும் ஜன்னல். நீள வரிசை. உள்ளே இருப்பவர் நிமிராமல் கேட்கிறார், "புருஷன் பேரு?" ஒரு அம்மா வலது கையில் ஐந்து விரலும் இடது கையில் ஒரு விரலும் நீட்டுகிறார். பிறகு உள்ளங்கையால் தன் முகத்தைத் தடவுகிறார். ஆறு, முகம். இங்கே இருக்கிற எல்லோருக்கும் பெயர் தெரிந்துவிட்டது, பாருங்கள், சிரிக்கிறீர்கள். அந்த வரிசையும் சிரித்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் மட்டும் எரிச்சலோடு, "வாயில சொல்லும்மா" என்றார்.

அதை என் கதைக்குள் கொண்டுவந்தேன். ஆங்கிலத்தில் எழுதுகிறேன், ஆறு முகம் என்ற சிலேடை அந்த மொழியில் நிற்காது. விளக்கம் எழுதிப் பார்த்தேன், பாடப்புத்தகம் போல இருந்தது. கடைசியில் விளக்கத்தை எடுத்துவிட்டேன். அம்மா ஆறு விரல் காட்டுகிறாள், முகத்தைத் தடவுகிறாள், வரிசை சிரிக்கிறது, மகள் முன்னால் வந்து அப்பாவின் பெயரை முதல் முறையாக உரக்கச் சொல்கிறாள். படிக்கும் அமெரிக்கருக்கு சிலேடை புரியாது. சுற்றியிருந்த எல்லோருக்கும் புரிந்தது, தனக்கும் ஜன்னல்காரருக்கும்தான் புரியவில்லை என்பது புரியும். எனக்கு வேண்டியதும் அதுதான். அந்த மக்குப் பயல் பெயரைப் பற்றிக் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் காட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே என் ஆலோசனை. எல்லாப் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், ஒரு வாரம் தொடாதீர்கள். மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், அந்த மேஜையில் உங்களுக்கான வாசகர் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அவர்களை விடாதீர்கள். என்னுடைய அந்த இரண்டு பேருக்கு இன்றும் முதல் வரைவை அனுப்புகிறேன். உதவித்தொகையைவிட, ஏன், பட்டத்தைவிட எனக்கு மிஞ்சியது அவர்கள்தான்.

பிடிக்காதது நடந்தாலும் அது வீண் போகாது என்பதற்கு சான்ட்ரா சிஸ்னெரோஸ் இருக்கிறார். சிகாகோவின் மெக்சிகன் குடும்பத்துப் பெண், 1978இல் அயோவாவில் எம்.எஃப்.ஏ. முடித்தவர். ஒரு வகுப்பில் பாஷ்லார் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி வீட்டைப் பற்றி எழுதியதைப் பேசுகிறார்கள். மாடி அறை, நிலவறை, பரண் என்று எல்லோரும் தங்கள் வீட்டை நினைத்துக்கொள்கிறார்கள். இவருக்கு நினைத்துக்கொள்ள அப்படி ஒரு வீடே இல்லை. வெட்கம் கோபமாக மாறியது. இந்த வகுப்பில் யாராலும் எழுத முடியாத ஒன்றை எழுதுவேன் என்று முடிவு செய்தார். 1984இல் வந்த 'தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்' நாவலுக்கு விதை அதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பட்டத்துக்குக் கொடுத்த தீசிஸ் அது இல்லை. தீசிஸ் கவிதைத் தொகுப்பு. உலகம் படித்த புத்தகம் தீசிஸுக்குப் பக்கத்தில், கணக்கில் வராமல் வளர்ந்தது.

இனி தீசிஸுக்கு வருவோம். நீங்கள் காத்திருந்ததும் இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

தீசிஸ் என்பது இங்கே ஒரு கதைத் தொகுப்பு, அல்லது ஒரு நாவல், நாவலின் பெரும்பகுதி, அல்லது ஒரு கவிதைத் தொகுப்பு. எத்தனை பக்கம் என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் முன்னால் ஒரு விமர்சன முன்னுரையும் கேட்பார்கள்: யாரைப் படித்தீர்கள், யாரிடமிருந்து எதை எடுத்தீர்கள் என்று. அந்த முன்னுரையைக் கடைசி வாரத்தில் எழுதலாம் என்று விட்டுவிடாதீர்கள். கதை எழுதுகிறவருக்குக் கட்டுரை வராது, அதுவும் தன்னைப் பற்றி வரவே வராது.

கைடு ஒருவர், கூட இரண்டு பேர், ஆக மூன்று பேர் குழு. கைடைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்யப் பார்த்தேன். பெரிய பெயர் உள்ள எழுத்தாளரிடம் போய் நிற்பது. அவர் அந்த வருடம் விடுப்பில் நாவல் எழுதிக்கொண்டிருப்பார். எனக்கு முந்தைய வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள், "நீ கொடுத்த கதையை எத்தனை நாளில் திருப்பிக் கொடுத்தார் என்று மட்டும் பார்." அப்படிப் பார்த்ததில், பத்தே நாளில் ஓரமெல்லாம் எழுதித் திருப்பிக் கொடுத்தவர் ஒரே ஒருவர், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண்மணி. அவரிடம்தான் போனேன். நல்ல எழுத்தாளர் நல்ல ஆசிரியராகவும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1973 இலையுதிர்காலத்தில் ஜான் சீவரும் ரேமண்ட் கார்வரும் ஒரே நேரத்தில் அயோவாவில் ஆசிரியர்கள். உலகத்துக்கே சிறுகதை சொல்லித்தரும் தகுதி உள்ள இரண்டு பேர். அந்தப் பருவம் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து குடித்ததுதான் பெரும்பாலும் பேசப்படுகிறது.

தேதிக் கணக்கைக் கடைசியிலிருந்து பின்னால் எண்ணுங்கள். மே மாதம் பட்டமளிப்பு என்றால், ஏப்ரலில் அலுவலகத்தில் தீசிஸை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் டிஃபென்ஸ், அதாவது குழுவின் முன் வாய்மொழித் தேர்வு. டிஃபென்ஸுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் குழுவின் கையில் முழுப் பிரதி இருக்க வேண்டும். அதற்கு முன் கைடு ஒரு முறை முழுதாகப் படித்து, நீங்கள் திருத்த அவகாசம் வேண்டும். ஆக, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் எல்லாக் கதையும் ஏதோ ஒரு வடிவத்தில் எழுதி முடிந்திருக்க வேண்டும். ஜனவரியில் புதுக் கதை ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் கோடையில் இன்னொரு பருவத்துக்குப் பதிவு செய்ய வேண்டி வந்தது.

ஒப்படைக்கும் அலுவலகம் தனி உலகம். அங்கே இருப்பவர்கள் உங்கள் கதையைப் படிக்க மாட்டார்கள். இடது ஓரம் எவ்வளவு, பக்க எண் எந்த மூலையில், தலைப்புப் பக்கத்தில் எத்தனை வரி என்று பார்ப்பார்கள். என்னுடையது இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை ஓரம். இரண்டாம் முறை, உரையாடலில் நான் வேண்டுமென்றே விட்டிருந்த வெற்று வரிகளை வடிவமைப்புப் பிழை என்று சிவப்பில் குறித்திருந்தார்கள். வங்கியில் ஆறு வருடம் மற்றவர்களுடைய விண்ணப்பத்தை இப்படித் திருப்பி அனுப்பியவள் நான். வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். தீசிஸை உடனே இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடலாமா, சில வருடம் மூடி வைக்கலாமா என்று கேட்பார்கள். எம்பார்கோ என்பார்கள். விஞ்ஞானிக்குத் திறந்துவிடுவது நல்லது. நமக்கு, நாளைக்குப் புத்தகமாக விற்க வேண்டிய கதையை இன்றைக்கே இலவசமாகக் கொடுப்பது. 2008இல் அயோவாவில் இதற்காக ஒரு கலகமே நடந்தது. எல்லாத் தீசிஸும் இணையத்தில் இலவசமாகப் போகும் என்ற விதி தெரியவந்ததும் எழுத்து மாணவர்கள் கொதித்துப்போனார்கள், பல்கலைக்கழகம் பின்வாங்கியது. மூடி வைக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள்.

டிஃபென்ஸ் நம்மூர் வைவா மாதிரி இல்லை. மிக்சர் பொட்டலம் கிடையாது, சால்வை கிடையாது, மாமா சித்தப்பா யாரும் வந்து உட்கார மாட்டார்கள். நாலு பேர், ஒரு அறை, ஒரு மணி நேரம். என் குழுவில் ஒருவர் ஆஸ்பத்திரி ஜன்னல் காட்சியைப் புரட்டி வைத்துக்கொண்டு கேட்டார், "அந்தச் சைகை என்னவென்று கடைசி வரை எனக்குச் சொல்லவில்லையே, ஏன்?" மூன்று வருடம் வாய் மூடி உட்கார்ந்திருந்ததற்கு அன்று வட்டியும் முதலுமாகப் பேசினேன். எங்கள் ஊரில் யார் யார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதில் தொடங்கி, வரிசையில் நின்ற மற்ற பெண்கள் ஏன் சிரித்தார்கள் என்பது வரை. முடித்ததும் அவர், "இதில் ஒரு சொல்லையும் கதைக்குள் சேர்த்துவிடாதே" என்றார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு நிமிடம்.

அன்றைக்கு நான் செய்த தவறு, புத்தகம் முடிந்துவிட்டது என்று நினைத்தது. தீசிஸே புத்தகமாவதும் உண்டு. ஜான் இர்விங் 1967இல் அயோவாவில் பட்டம் வாங்கினார். நாவலாசிரியர் வான்னெகட்டிடம் படித்து எழுதிய அந்தத் தீசிஸ் அடுத்த வருடமே 'செட்டிங் ஃப்ரீ தி பேர்ஸ்' என்ற நாவலாக வந்தது. அவரைப் பார்த்துத்தான் எல்லோரும் சூடு போட்டுக்கொள்கிறோம். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது ஃபிளானரி ஓ'கானரை.

ஜார்ஜியா மாநிலத்துப் பெண், 1945இல் அயோவாவுக்கு இதழியல் படிக்க வந்தார். எங்கிளின் அறைக்கு வந்து ஏதோ சொன்னாராம். அந்தத் தெற்கத்தி உச்சரிப்பு எங்கிளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எழுதிக்காட்டச் சொன்னாராம். தனக்கு இதழியல் வேண்டாம், எழுத்துப் பட்டறையில் இடம் தருவீர்களா என்று எழுதிக்காட்டினார். எங்கிள் பின்னாளில் சொன்னது இது. கோவில்பட்டி ஆங்கிலத்தோடு அமெரிக்கா போய் இறங்கியவளுக்கு இதைவிட ஆறுதல் வேண்டுமா? 1947இல் அவர் கொடுத்த தீசிஸில் ஆறு கதைகள். தலைப்புக் கதை 'தி ஜெரேனியம்'. நியூயார்க்கில் மகள் வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் தெற்கத்திக் கிழவர் ஒருவர், எதிர் ஜன்னலில் இருக்கும் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கதை. ஆறில் இன்னொன்றான 'தி ட்ரெயின்', பிரித்துக் கோத்து, 1952இல் வந்த 'வைஸ் பிளட்' நாவலின் முதல் அத்தியாயமானது. மற்ற கதைகளை வைத்துப் புத்தகம் போட அவர் அவசரப்படவில்லை. அந்தக் கிழவரை மட்டும் விடவில்லை. திரும்ப எழுதினார், பெயரை மாற்றினார், மறுபடி எழுதினார். 1964 கோடையில், லூபஸ் நோயில் முப்பத்தொன்பது வயதில் சாகும் தறுவாயில், படுக்கையில் அவர் திருத்திக்கொண்டிருந்தது அதே கதையைத்தான். அதற்கு இப்போது 'ஜட்ஜ்மென்ட் டே' என்று பெயர். 1971இல் அவருடைய மொத்தக் கதைகளும் ஒரே தொகுப்பாக வந்தன. முதல் கதை 'தி ஜெரேனியம்', கடைசிக் கதை 'ஜட்ஜ்மென்ட் டே'. கையெழுத்து வாங்கிய ஒரு கதைக்கு மேலும் பதினேழு வருடம்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தீசிஸில் ஏழு கதை. பட்டம் வாங்கி ஆறு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது, அதில் அந்த ஏழில் இரண்டுதான் இருக்கின்றன. லாரி புக்கிங் ஆபீஸ் கதை இல்லை. ஆஸ்பத்திரி ஜன்னல் இருக்கிறது, வேறொரு கதைக்குள், வேறொரு குடும்பத்தோடு. புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூணு வருசத்துல முடிஞ்சிரும்னு சொன்னியே" என்றார்.

கதை எழுதப் படிப்பு எதற்கு என்ற அவர் கேள்விக்கு என் அரைப் பதில் இதுதான்: ஆச்சிக்குக் கதை கேட்கத் திண்ணை நிறைய ஆள் இருந்தார்கள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், அடுத்த முறை கதை மாறியிருக்கும். எனக்கு அப்படி ஆள் இல்லை, தேடிப் போனேன். உங்களுக்கு இங்கேயே அப்படி இரண்டு பேர் இருந்தால், போக வேண்டிய அவசியம் உண்டா என்று யோசியுங்கள். இல்லாவிட்டால், பணம் தருகிறார்கள் என்றால், போய்விட்டு வாருங்கள்.

விண்ணப்பங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும். இது ஜூலை. கதை எழுதி வைத்திருக்கிறவர்கள் இன்று சாயங்காலம் நான் ரயிலேறுவதற்கு முன்னால் என்னிடம் கொடுங்கள், ஓரத்தில் எழுதி அனுப்புகிறேன். பன்னிரண்டு பிரதி வேண்டாம், ஒன்று போதும்.